ஏட்டில் தன் முகம் காணாத பிள்ளை

(மன்றக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு பண்பாடுகளுக்கு இடையே பிறந்து வளரும் குழந்தைக்கு நூல் என்பது என்ன செய்கின்றது, என்ன செய்யத் தவறுகின்றது என்பதே இன்றைய உரையின் பொருள். இதனைப் பொதுப்படப் பேசுவதிற் பயனில்லை. ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, அந்நாட்டுப் பிள்ளைகளின் கையில் எந்த ஆண்டில் எந்த ஏடு இருந்தது என்று பார்த்தால்தான் உண்மை விளங்கும். அந்நாடு நியூசிலாந்து. அதன் முன்னைக் குடிகளாகிய மாவோரி மக்கள் தம் நாட்டை 'அவோத்தியாரோவா' என்பர். நீண்ட வெண்முகில் நாடு என்பது அதற்குப் பொருள்.

உலகின் அந்தக் கோடிக்கும் தமிழர்க்கும் என்ன தொடர்பு என்று அவையில் சிலர் எண்ணக்கூடும். 1836-ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலன்சோ என்னும் கிறித்தவத் திருப்பணியாளர் அந்நாட்டின் வடபகுதியில், மாவோரிப் பெண்டிர் ஒரு வெண்கலக் கலத்தில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருக்கக் கண்டார். உற்று நோக்கியபோது அது கலமன்று. உடைந்துபோன ஒரு கப்பல்மணி. அதனைச் சுற்றிலும் தமிழெழுத்துகள்! முகையதீன் வக்குசு என்னும் பெயருடையாரின் கப்பலுக்கு உரியது அம்மணி என்று அவ்வெழுத்துகள் கூறுகின்றன. கொலன்சோ ஓர் இரும்புக் கலத்தை மாற்றாகக் கொடுத்து அதனைப் பெற்றார். இன்று அது வெலிங்டன் நகரில் 'தே பாப்பா' என்னும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. படிக்கத் தெரியாதார் கையில் அகப்பட்ட எழுத்து அடுப்பில் வெந்தது என்ற அளவோடு அச்செய்தியை நிறுத்திக்கொண்டு, பொருளுக்கு வருவோம்.

மாவோரி மொழியில் அச்சேறிய முதல் நூலே ஒரு தொடக்கப் பாடநூல்தான். 1815-இல் தாமசு கெண்டால் என்பார் அதனை எழுதிச் சிட்னியில் அச்சிடுவித்தார். அந்நூலின் படிகளுள் இன்றளவும் எஞ்சியதாக அறியப்படுவது ஒன்றே ஒன்று. அது ஆக்குலாந்து அருங்காட்சியகத்தில் உள்ளது. குறையுடைய நூல்தான் அது. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். அவ்வினம் அச்செழுத்தை முதன்முதலில் எதிர்கொண்டபோது தன் மொழியிலேயே எதிர்கொண்டது. அதன்பின் திருப்பணியாளரின் பள்ளிகளில் மாவோரிச் சிறுவரும் முதியோரும் ஒருங்கே அமர்ந்து தம் மொழியிலேயே எழுத்துக் கற்றனர். மிகக் குறுகிய காலத்தில் அவ்வெழுத்தறிவு ஊர்தோறும் பரவியது. எழுத்தில்லாதிருந்த ஒரு மொழி எவ்வளவு விரைவாக எழுத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு அது நல்ல சான்று.

பிறகு வந்தது ஆட்சி. 1840 பிப்பிரவரி 6-ஆம் நாள் வைத்தாங்கி என்னுமிடத்தில் ஆங்கில அரசியின் சார்பாளரும் மாவோரித் தலைவர்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஆங்கிலத்தில் ஒன்று, மாவோரியில் ஒன்று என இரண்டு வடிவங்கள். ஆங்கில வடிவம் முழு இறைமையையும் ஒப்படைத்ததாகக் கூறும். மாவோரி வடிவமோ ஆளும் பொறுப்பைமட்டும் கொடுத்து, தம் நிலத்தின்மீதும் ஊர்களின்மீதும் அரும்பொருள்களின்மீதும் தலைமையைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டதாகக் கூறும். பெரும்பாலான தலைவர்கள் கையொப்பமிட்டது மாவோரி வடிவத்தில்; ஆட்சி நடந்ததோ ஆங்கில வடிவத்தின்படி! மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஒரு நாடே கைம்மாறிவிடும் என்பதைத் தமிழ் படித்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

1847-ஆம் ஆண்டுக் கல்வி ஆணை, அரசின் உதவிப்பணம் பெறும் பள்ளி ஆங்கிலம் கற்பிக்க வேண்டும் என்றது. 1867-ஆம் ஆண்டுச் சட்டம், மாவோரிச் சிற்றூர்களில் அரசுப் பள்ளிகள் அமைக்கவும், இயன்ற அளவெல்லாம் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாகக் கொள்ளவும் வழிசெய்தது. பள்ளி வேண்டுமாயின் ஊரார்தாம் கேட்க வேண்டும். நிலமும் ஊரார்தாம் தர வேண்டும். அவ்வாறு கேட்டும் தந்தும் பள்ளி பெற்றனர். இதனை மறைக்க வேண்டியதில்லை. மாவோரிப் பெற்றோர் பலர் ஆங்கிலத்தை விரும்பியே கேட்டனர். தம் பிள்ளைக்கு இன்னொரு மொழி கூடுதலாக வரும் என்று அவர்கள் நினைத்தனர். வீட்டில் இருப்பது எங்கே போய்விடும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. ஆனால், பள்ளியின் எல்லைக்குள் மாவோரிச் சொல் ஒன்றை வாய்தவறிச் சொன்ன குழந்தையின் கையில் பிரம்பு விழுந்தது. அடிபட்ட அந்தக் குழந்தை வளர்ந்து தாயும் தந்தையுமானபோது, 'நாம் பட்ட அடி நம் பிள்ளை பட வேண்டா' என்று தன் பிள்ளையிடம் ஆங்கிலத்திலேயே பேசிற்று. மொழி சாகும் வழி இதுதான். பகைவன் கொன்று சாவதைவிட, அன்புடைய பெற்றோரின் அச்சத்தால் சாவதே விரைவானது.

எண்ணிக்கை வேண்டுவோர் கேளுங்கள். 1913-இல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மர் தம் மொழி பேசினர். 1975-இல் நூற்றுக்கு ஐவர். இடையில் இருப்பது அறுபத்திரண்டு ஆண்டுகள். ஒரு மாந்தரின் வாழ்நாள் அளவுதான். 1945-ஆம் ஆண்டளவில் மாவோரியருள் நால்வருக்கு ஒருவரே நகர்களில் வாழ்ந்தனர். 1980களின் நடுவில் ஐவருக்கு நால்வர் நகர்களில் வாழ்ந்தனர். பாட்டனும் பாட்டியும் ஊரில் இருக்க, பேரப்பிள்ளை ஆங்கிலத் தெருவில் வளர்ந்தது. இரண்டு பண்பாடுகளுக்கு இடையே வளர்ந்த பிள்ளை என்று சொல்லப்படுவது இந்தப் பிள்ளைதான்.

இந்தப் பிள்ளையின் கையில் பள்ளி கொடுத்த நூல் யாது?

1950-ஆம் ஆண்டு முதல் 1963-ஆம் ஆண்டு வரை நியூசிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் பரவலாக இருந்தது 'சேனட்டும் சானும்' என்னும் படிப்புநூல் வரிசை. இங்கிலாந்திலிருந்து இறக்கப்பட்டது. அதில் ஒரு வெள்ளைச் சிறுமி, ஒரு வெள்ளைச் சிறுவன், அவர்களுக்கு ஒரு தந்தை, ஒரு தாய், ஒரு நாய், ஒரு பந்து. சண்டை இல்லை, அழுகை இல்லை, பேய்க்கு அஞ்சுவதில்லை, பாட்டி இறந்து ஊர்கூடி ஒப்பாரி வைப்பதில்லை. பல பிள்ளைகளோடு, மாமன் மாமி சிற்றன்னை எல்லாரோடும் ஒரே கூரையின்கீழ் உறங்கி எழும் மாவோரிக் குழந்தை அதைப் பார்த்து, 'வீடு என்றால் இதுதான் போலும். அப்படியானால் எங்கள் வீடு வீடன்று' என்று எண்ணாதா? அந்த எண்ணத்தை எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நூல் வாய்திறவாமல் சொல்லிக்கொடுத்தது.

இதனை உணர்ந்தவர் வெள்ளையருள்ளும் ஒருவர் இருந்தார். சில்வியா ஆசுட்டன் வார்னர் என்னும் ஆசிரியை. ஆக்கு வளைகுடாப் பகுதியில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்தவர். அவர் அயல்நூலை ஒதுக்கி வைத்துவிட்டு, நாள்தோறும் ஒவ்வொரு குழந்தையையும் அருகில் அழைத்து, 'உனக்கு இன்று எந்தச் சொல் வேண்டும்?' என்று கேட்பார். குழந்தை சொன்ன சொல்லை ஒரு தடித்த அட்டையில் எழுதிக் கையிற் கொடுப்பார். அம்மா என்பது ஒரு குழந்தையின் சொல். பேய் என்பது இன்னொன்றின் சொல். முத்தம் என்பது மற்றொன்றின் சொல். ஆண்டுக்கணக்கில் எழுத்துப் பிடிபடாத பிள்ளைக்கும், தான் அஞ்சுவதும் தான் விரும்புவதும் எழுத்தாகக் கைக்கு வந்தபோது ஒரே பார்வையில் அது பிடிபட்டது. அவ்வாறு சேர்ந்த சொற்களைக் கொண்டே குழந்தைகள் தம் கதையைத் தாமே எழுதின. 1963-இல் வெளிவந்த 'ஆசிரியர்' என்னும் அவரது நூல் உலகெங்கும் பேசப்பட்டது. அவர் முறையிலும் ஒரு குறை உண்டு. குழந்தையின் உள்ளத்தை எடுத்தார். அதனை எழுதியதோ பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்! மாவோரிக் குழந்தையின் அச்சமும் அன்பும் ஆங்கிலச் சொல்லாக அட்டையில் ஏறின. ஆயினும், குழந்தைக்குள் ஏற்கெனவே ஒரு நூல் இருக்கின்றது, அதனைத் திறந்து படிப்பதே கற்பித்தல் என்று கண்ட அப்பெருமாட்டிக்குக் கல்வியுலகம் கடன்பட்டுள்ளது.

அரசும் வாளா இருக்கவில்லை என்று சொல்ல வேண்டும். 1907 முதல் வெளிவரும் பள்ளி இதழ் ஒன்று அந்நாட்டில் உண்டு. தொடக்கத்தில் பேரரசின் பெருமையைப் பாடிக்கொண்டிருந்தது, பின்னர்ச் சொந்த நாட்டை நோக்கித் திரும்பியது. 1939-இல் கல்வித்துறை தனக்கெனப் பள்ளிவெளியீட்டுப் பிரிவொன்றைத் தொடங்கிற்று. அப்பிரிவின் வெளியீடு ஒன்றுதான், அவையோரே, இவ்வுரையின் நடுவிடத்தில் நிற்க வேண்டியது.

1964-ஆம் ஆண்டு. 'பாவில் வெளுக்கும் நாள்' என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். தமிழிற் பா என்றால் செய்யுள். மாவோரியிற் பா என்றால் அரண்சூழ்ந்த ஊர், பிற்காலத்தில் மாவோரிச் சிற்றூர். படமெடுத்து எழுதியவர் ஆன்சு வெசுட்ரா; ஆலந்து நாட்டில் 1936-இல் பிறந்து, 1957-இல் நியூசிலாந்திற் குடியேறிய இளம்பெண். நாட்டின் கிழக்குக் கரையில், உருவாத்தோரியாவை அடுத்து, ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற ஒரு மாவோரிக் குடும்பத்தின் ஒரு நாள் வாழ்க்கையை அவர் படமெடுத்தார். தாய் துணி வெளுக்கின்றாள். பிள்ளைகள் சிரித்து விளையாடுகின்றன. வீடு பழையது, குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் காணாத எளிய குடில். புதுவீட்டுக்கு அவர்கள் குடிபோகும் நாள் அண்மையில் இருந்தது என்ற குறிப்பும் நூலில் இருந்தது. 38,000 படிகள் அச்சாகி நாட்டின் பள்ளிகளுக்கெல்லாம் அனுப்பப்பட்டன.

அயல்நாட்டுச் சேனட்டும் சானும் இல்லாமல், மாவோரிக் குழந்தையின் முகமே நிறைந்த ஒரு நூல் வகுப்பறைக்குள் வந்தது. மாவோரி மக்கள் மகிழ்ந்திருக்க வேண்டுமன்றோ? மகிழவில்லை. மாவோரிப் பெண்டிர் நலக் கழகம் கொதித்தெழுந்தது. அந்நூலைப் பள்ளிகளிலிருந்து திரும்பப் பெறுக என்று கேட்டது. கல்வியமைச்சர் ஆர்தர் கின்செல்லா அவ்வாறே ஆணையிட்டார். அனுப்பிய படிகளெல்லாம் திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன.

அப்பெண்டிர் சொன்னது என்ன? 'மாவோரியர் எல்லாரும் இத்தகைய குடிலில் வாழ்வதாக வெள்ளைக் குழந்தை எண்ணும். அடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கும் எங்கள் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும்' என்பது அவர்கள் கருத்து. இன்னொன்றும் உண்டு. குளிர்காய்வதற்காக அடுப்பின்மேல் ஏறி நிற்கும் ஒரு குழந்தையின் படம் அதில் இருந்தது. உணவு சமைக்கும் இடத்தைக் காலால் மிதிப்பது மாவோரியர் மரபில் பெருங்குற்றம். படமெடுத்தவர்க்கு அது குழந்தையின் குறும்பு. பார்த்த மாவோரித் தாய்க்கு அது தன் இனமே மரபறியாதது என்று ஊரறியச் சொன்ன பழிச்சொல்.

அக்கழகத்தின் வரலாற்றையும் அறிந்தால்தான் அவர்தம் நோவு புரியும். 1951-இல் தோன்றியது அது. பினா கூப்பர் என்னும் பெருமாட்டி அதன் முதல் தலைவி. ஆக்குலாந்தில் மாவோரியர் நெருக்குண்டு வாழ்ந்த இடங்களையெல்லாம் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்து, அரசின் கதவைத் தட்டித் தட்டி நல்ல வீடுகள் வாங்கித் தந்த கழகம் அது. பதின்மூன்று ஆண்டுகள் அவ்வாறு உழைத்தோர் முன்னால், எந்தக் குடிலிலிருந்து தம் மக்களை வெளியே கொணரப் பாடுபட்டார்களோ அந்தக் குடிலையே 'இதுதான் மாவோரி வீடு' என்று அரசு 38,000 படி அச்சிட்டுக் கொடுத்தது.

மறுபக்கம் பேசியவரும் இருந்தனர். 'படத்தில் இருப்பது பொய்யா? அக்குழந்தைகளின் சிரிப்புப் பொய்யா? ஏழ்மை இழிவா? மாவோரி வாழ்வின் கூடியிருக்கும் இன்பத்தை எந்த நூல் இவ்வளவு அழகாகக் காட்டிற்று?' என்று அவர் கேட்டனர். அதுவும் தள்ளத்தக்க கேள்வியன்று. அதே ஆண்டில் காக்கிசுடன் அச்சகம் அந்நூலை விற்பனைக்கு மீண்டும் அச்சிட்டது. 2011-இல் புதுப்பதிப்பும் வந்தது. அவ்வம்மையார் 2023-இல் மறையும்வரை மாவோரி வாழ்வைப் படமெடுத்தவர். அப்படங்களை இன்று தம் முன்னோரின் முகம் தேடி வரும் மாவோரியரே விரும்பிப் பார்க்கின்றனர்.

அப்படியானால் யார் பக்கம் முறை? நூலை அழித்தது முறையன்று; நூலை அழிப்பது எந்த நாளும் எந்த நாட்டிலும் முறையன்று. ஆயினும் அப்பெண்டிரின் நோவு முற்றிலும் முறையானது. பிழை அந்நூலில் இருந்ததைவிட, அந்நூல் தனியாக நின்றதில் இருந்தது. வெள்ளைக் குழந்தையைக் காட்டும் நூல்கள் ஆயிரம். அவற்றுள் ஒன்றில் ஓர் ஏழை வெள்ளையனின் ஓட்டை வீடு வந்தால், அது அந்த ஒருவனின் வீடு. மாவோரிக் குழந்தையைக் காட்டும் நூல்களோ மிகச் சில; எனவே இதில் வரும் ஒரு வீடு அவ்வினத்தின் வீடாகிவிட்டது. அந்தப் படங்களை எடுத்ததும் வேற்றுக்கை. அத்தாய் தன் கதையைத் தானே சொல்லியிருந்தால் அடுப்பின்மேல் நின்ற குழந்தை நூலில் வந்திருக்குமா? அவள் அதைக் கீழே இறக்கி நாலு வார்த்தை வைதிருப்பாள். அந்த வசையும் நூலில் வந்திருக்கும்.

இனி, நூலில் தம்மைக் காணாமல் வளர்ந்த இரு பிள்ளைகளைப் பார்ப்போம். ஒருவர் விட்டி இகிமாயிரா. பள்ளியில் படிக்கும்போது, மாவோரியரைக் கீழ்மையாகக் காட்டும் கதையொன்று பாடத்தொகுப்பில் வந்தது. சிறுவன் அந்நூலைப் பலகணி வழியே வெளியே எறிந்தான். பிரம்படி பட்டான். மாவோரியரைப் பற்றி ஒரு நூல் எழுதுவேன், அதனை இந்நாட்டுப் பிள்ளைகளெல்லாம் படிக்கும்படி செய்வேன் என்று உறுதி பூண்டதாகப் பின்னர் அவர் கூறியுள்ளார். 1972-இல் அவர் எழுதிய 'பவுனாமு, பவுனாமு' என்னும் தொகுதி, மாவோரியர் ஒருவர் வெளியிட்ட முதல் சிறுகதைத் தொகுதி. அது பள்ளிகளுக்குள்ளும் போயிற்று.

மற்றொருவர் பட்ரீசியா கிரேசு. 1937-இல் வெலிங்டனிற் பிறந்தவர். தந்தை மாவோரி, தாய் அயர்லாந்து வழிவந்த வெள்ளையர். குருதியிலேயே இரண்டு பண்பாடும் உடையவர். தம் பள்ளி நாள்களில் எந்த நூலிலும் தம்மைக் கண்டதில்லை என்று சொன்னவர். இங்கு ஒரு நுட்பம் உண்டு. தாய்வழியில் ஆங்கிலம் அவருக்கு அயலன்று. அவ்வாறாகவும், ஆங்கில நூலில் அவர் தம்மைக் காணவில்லை. இரண்டு பண்பாடு என்றால் இரண்டும் பாதி பாதியாக இருக்கும் என்று நினைப்பது பிழை. அக்குழந்தை இரண்டு வீட்டிலும் முழுமையாகவே இருக்கின்றது. ஒரு வீட்டை நூல் மறைத்துவிட்டால், மிச்சமிருப்பது பாதிக் குழந்தையன்று. தன்னையே காணாத குழந்தை.

கிரேசு ஆசிரியையானார், பல பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார், எழுதினார். 1981-இல் 'கூயாவும் சிலந்தியும்' வந்தது. கூயா என்றால் மூதாட்டி. படம் வரைந்தவர் இராபின் காகுக்கீவா; ஆசுத்திரேலியாவில் பிறந்து வளர்ந்து, பத்தொன்பதாம் அகவையில் நியூசிலாந்து வந்து, தம் மாவோரி வழியைத் தேடிக் கண்டவர். வெலிங்டன் நகர்ப் பெண்டிர் குழுவொன்று அந்நூல் வெளிவரத் துணைநின்றது. ஆங்கிலத்திலும் மாவோரியிலும் அது வந்தது. அடுத்த ஆண்டில் நாட்டின் சிறந்த படநூலாகப் பரிசும் பெற்றது.

கதை மிக எளியது. மூதாட்டியின் அடுக்களையில் ஒரு சிலந்தி. அவள் நாரெடுத்துப் பாயும் கூடையும் முடைகின்றாள். அது நூலெடுத்து வலை பின்னுகின்றது. 'என் வேலைதான் சிறந்தது' என்கின்றாள் அவள். 'என் வேலைதான்' என்கின்றது சிலந்தி. இருவர்க்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. பேரப்பிள்ளைகளைக் கொண்டு வழக்கைத் தீர்க்கப் பார்க்கின்றார்கள், வழக்குத் தீர்ந்தபாடில்லை. அவ்வளவே கதை. இதில் மாவோரிப் பண்பாடு என்று எவரும் விரிவுரை ஆற்றவில்லை. அரணில்லை, போரில்லை, பழம்பெருமை இல்லை. பாட்டியின் கை, நார், அடுக்களை, வீம்பு, இவைதாம் உள்ளன. கிழக்குக் கரையின் அடுக்களையில் வேற்றுக்கண் எதைக் கண்டது, இந்த அடுக்களையில் பேத்தியின் கண் எதைக் கண்டது என்று இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடைவெளி பதினேழு ஆண்டுகள்தாம்.

அந்தப் பதினேழு ஆண்டுகளுக்குள் வேறொன்றும் நடந்திருந்தது. 1972 செபுத்தம்பர் 14-ஆம் நாள், 'ஙா தாமாத்தோவா' என்னும் மாவோரி இளைஞர் கூட்டத்தாரும் அவர்தம் தோழரும், மாவோரி மொழியைப் பள்ளிகளிற் கற்பிக்க வேண்டும் என்று முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரின் கையொப்பத்தோடு நாடாளுமன்றத்தில் முறையிட்டனர். (இளமறவர் என்பது அப்பெயரின் பொருள். தமிழில் மொழிக்கு முதலாக அருகியே வரும் ஙகரம், அம்மொழியில் தடையின்றி முதலில் நிற்பதை இலக்கணம் பயில்வோர் குறித்துக்கொள்க.) முறையிட்டோருள் பலர் தம் மொழியைத் தாமே பேச அறியாதவர். பேசத் தெரியாததற்காகவே போராடினர்.

1982-இல் வெலிங்டனை அடுத்த வைனுயோமாத்தாவில் முதலாவது 'கோகங்கா ரேயோ' தொடங்கியது. மொழிக்கூடு என்று பெயர். பறவைக்கூட்டைப் போன்றது. அதில் பாட்டிமார் அமர்ந்து, பால்குடி மறந்த குழந்தைகளோடு மாவோரி மொழியிலேயே பேசினர். வேறு மொழிக்கு இடமில்லை. மொழியறியாத பெற்றோரின் தலைமுறையைத் தாண்டிப் பாட்டியின் வாயிலிருந்து பேத்தியின் காதுக்கு மொழி நேரே இறங்கியது. 1994-இல் இத்தகைய கூடுகள் 800, குழந்தைகள் 14,000. 1987-இல் மாவோரி மொழி சட்டத்தால் ஆட்சிமொழியாயிற்று.

ஆனால், கூட்டில் வளர்ந்த குழந்தைக்குப் படிக்க நூல் எங்கே? பாட்டியிடம் மொழி இருந்தது, அலமாரியில் இல்லை. எனவே பெற்றோரும் ஆசிரியரும் ஆங்கிலப் படநூல்களை வாங்கி, மாவோரி மொழியில் எழுதிய தாள்களை வெட்டி, ஆங்கில வரிகளின்மேல் ஒட்டினர். இரவெல்லாம் ஒட்டினர். எவ்வளவு பெரிய உழைப்பு அது! ஆயினும் ஒட்டியது சொல்லைமட்டும் மறைத்தது, படத்தை மறைக்கவில்லை. கீழே மாவோரிச் சொல், மேலே இங்கிலாந்துப் பனி. மொழி வந்தது, முகம் வரவில்லை. முன்பு வந்த நூலில் முகம் இருந்தது, மொழி இல்லை. இரண்டும் ஒரே தாளில் சேர்வதற்கு அவ்வினத்தாரே எழுதி, அவ்வினத்தாரே வரைந்து, அவ்வினத்தாரே அச்சிட வேண்டியிருந்தது. 1991-இல் உரோபின் பார்கு என்னும் மாவோரிப் பெண்மணியின் முயற்சியால் 'ஊயா' பதிப்பகம் தோன்றியது. மாவோரி மொழியிலும் மாவோரியர் ஆங்கிலத்திலும் எழுதும் நூல்களை அது இன்றுவரை வெளியிட்டு வருகின்றது.

1984-இல் கிரேசும் காகுக்கீவாவும் சேர்ந்து இன்னொரு நூல் செய்தனர். பொரிருவா நகரின் ஏழைத் தெருவொன்று. ஓடையிலிருந்து ஒரு விலாங்கு துள்ளித் தெருவுக்கு வருகின்றது. அதன் தொண்டை மாயத் தொண்டை. வீடுவீடாகச் செல்கின்றது. மாவோரிக் குழந்தை, சமோவாக் குழந்தை, தொக்கெலாவுக் குழந்தை, வெள்ளைக் குழந்தை என ஒவ்வொன்றும் அத்தொண்டைக்குள் கைவிட்டுத் தன் தன் முன்னோரின் அணியோ ஆடையோ எடுக்கின்றது. பின்னர் அனைத்தும் தெருவில் இறங்கி ஆடுகின்றன. ஒன்றின் பொருளை ஒன்று பறிக்கவில்லை. ஒன்றைப்போல் ஒன்று உடுக்கவும் இல்லை. பல பண்பாட்டினர் கூடிவாழும் தெரு என்பது அனைவரையும் ஒரே சாயத்தில் தோய்ப்பதன்று என்று மேடையிற் பேசுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒரு விலாங்கு முப்பது பக்கத்துக்குள் அதனைச் செய்துவிட்டது.

2020-இல் உலகெங்கும் விற்ற ஆரி பாட்டர் கதையின் முதல் நூலை இலியோன் பிளேக்கு என்பார் மாவோரியில் பெயர்த்து வெளியிட்டார். உலகின் நூறு நூல்களை மாவோரி மொழிக்குக் கொணரும் பெருந்திட்டத்தின் பகுதி அது. அதனைக் குறைகூறுவோரும் உண்டு. 'மீண்டும் இங்கிலாந்துச் சிறுவன்தானா?' என்பர். அக்குறை முழுவதும் பொருந்தாது. தன் வீட்டில் தன் கதைநூல் இருக்கும் குழந்தைக்கு அயலான் கதை தன் மொழியில் வருவது விருந்து. தன் கதைநூல் இல்லாத குழந்தைக்குத்தான் அது கேடு. 1950-இல் சேனட்டும் சானும் செய்த கேட்டை 2020-இல் ஆரி பாட்டர் செய்ய முடியாமற் போனதற்குக் கரணியம், இடையில் கூயாவும் சிலந்தியும் வந்து அலமாரியில் அமர்ந்திருந்ததே.

வேலை முடிந்துவிட்டதாக எவரும் எண்ண வேண்டா. 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, மாவோரியருள் தம் மொழியில் உரையாட வல்லவர் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவரே. பெரும்பாலான மாவோரிப் பிள்ளைகள் இன்றும் ஆங்கிலப் பள்ளிகளிலேயே படிக்கின்றன. மொழிக்கூடுகளின் எண்ணிக்கையும் 1990களில் இருந்த உயரத்திலிருந்து இறங்கிவிட்டது. பாட்டிமார் ஒவ்வொருவராக மறைகின்றனர். கூட்டில் வளர்ந்த குழந்தைகள் இப்போது தாமே பெற்றோராகித் தம் பிள்ளைகளைக் கூட்டுக்கு அழைத்து வருகின்றனர். அவர்கள் கையிலிருக்கும் நூல்களில் ஒட்டுத்தாள் இல்லை.